சான்றிதழில் திறனாளர், கூலிப் பட்டியலில் திறனற்றவர்

திருப்பதி நகரின் பொருளாதாரம் தங்கும் அறைகளைச் சுற்றியே சுழல்கிறது. திருமலையில் மட்டும் தேவஸ்தானத்துக்கு 7,000-க்கும் மேற்பட்ட வாடகை அறைகள் உள்ளன. மலையடிவாரத்தில் சீனிவாசம், விஷ்ணு நிவாசம், மாதவம் ஆகிய பெரும் விடுதிகளும், ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் சுற்றி எண்ணற்ற தனியார் லாட்ஜுகளும் ஓட்டல்களும் இருக்கின்றன. ஒரு குடும்பம் அறையைக் காலி செய்த சற்று நேரத்துக்குள் அடுத்த குடும்பம் சாவியோடு வாசலில் நிற்கிறது. அந்த இடைவெளியில் விரிப்புகளை மாற்றி, கழிவறையைக் கழுவி, தரையைத் துடைத்து, குப்பையை அகற்றி, அறையை மீண்டும் மனிதர் தங்கும் இடமாக்குபவர்களுக்கு நிறுவனங்கள் இன்று வைத்துள்ள பெயர் 'ஹவுஸ்கீப்பிங்' தொழிலாளர்கள்.

இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலித் மற்றும் பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களே மிகுதி. சித்தூர் மாவட்டக் கிராமங்களில் மழை பொய்த்து, நிலம் கைவிட்டு, நகருக்கு வந்தவர்களும் இவர்களில் உண்டு. 2002-ஆம் ஆண்டில் சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை மூடப்பட்டது. அதன் பின்னர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் நின்றுபோனது. கிராமப்புறக் குடும்பங்களுக்கு மாத வருமானம் தந்துவந்த நிறுவனங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக மறைந்தபோது எஞ்சியவை கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, ஹவுஸ்கீப்பிங் வேலை ஆகிய மூன்றுதான். மூன்றுமே பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் பிடியில் உள்ளன.

இந்த வேலைக்குத் தொழில்திறன் தேவையா, பயிற்சி தேவையா என்ற கேள்விக்கு அரசு இரண்டு விடைகளை ஒரே நேரத்தில் அளிக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை 'ஆம்' என்கிறது. கூலி நிர்ணயத் துறை 'இல்லை' என்கிறது. இந்த முரண்பாடு நிர்வாகக் குளறுபடி அல்ல. அதற்குள் ஒரு வர்க்க ஏற்பாடு இருக்கிறது.

வேலைக்குள் இருக்கும் அறிவு

அறையைச் சுத்தம் செய்வது எவருக்கும் தெரிந்த வீட்டுவேலைதானே என்ற எண்ணம் பொதுப்புத்தியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. உண்மை வேறு. ஓட்டல் துறையில் ஒரு தொழிலாளி ஒரு பணிநேரத்தில் 12 முதல் 16 அறைகளை முடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஓர் அறைக்கு அரை மணி நேரம் கிடைப்பதே அரிது. அந்த நேரத்துக்குள் வேலை முடிய வேண்டுமானால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மேலிருந்து கீழாகத் தூசி தட்ட வேண்டும். ஈரத் துடைப்புக்கு முன் உலர் துடைப்பு முடிந்திருக்க வேண்டும். உட்கோடியில் தொடங்கி வாசலை நோக்கித் துடைத்து வர வேண்டும். கழிவறைக்குப் பயன்படுத்திய துணி, முகம் கழுவும் தொட்டியையோ தண்ணீர்க் குவளையையோ தொடக் கூடாது. இதற்காகவே இடத்துக்கு ஒரு நிறமாகத் துணிகள் பிரிக்கப்படுகின்றன. வரிசை தவறினால் வேலை இரட்டிப்பாகும்; துணி மாறினால் நோய் பரவும்.

வேதிப்பொருள்கள் பற்றிய அறிவு இதைவிட முக்கியமானது. கழிவறைக் கறைக்கு ஊற்றும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும். கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்துவிட்டால் பயனில்லை; அது தரையில் சில நிமிடங்கள் தங்கியிருக்க வேண்டும். எந்த அளவு தண்ணீருக்கு எந்த அளவு மருந்து என்பது தெரியாவிட்டால், குறைந்தால் கிருமி சாகாது, மிகுந்தால் தொழிலாளியின் கை வெந்துபோகும். கனமான மெத்தையை எவ்வாறு உயர்த்துவது, எவ்வாறு குனிவது என்ற உடல்நுட்பம் தெரியாதவர்களின் முதுகெலும்பும் முழங்காலும் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடுகின்றன.

மருத்துவமனைகளில் இதே வேலை உயிர் காக்கும் வேலையாகிறது. திருப்பதியின் சுவிம்ஸ், ரூயா போன்ற பெரிய மருத்துவமனைகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு வகையாகக் கழிவைப் பிரித்துக் கையாள வேண்டும். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதை மருத்துவமனைகளின் கடமையாக்கியுள்ளன. கழிவைக் கையாளும் அனைவருக்கும் பணியில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறுகின்றன. ஆட்களை அனுப்புவது ஒப்பந்ததாரர், வேலை வாங்குவது மருத்துவமனை என்ற நிலையில், தடுப்பூசியும் பயிற்சியும் யார் பொறுப்பு என்ற கேள்வி இருவருக்கும் நடுவே கைவிடப்படுகிறது. ஊசி குத்திய பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

இவற்றோடு, தங்குவோர் விட்டுச்சென்ற பொருளைப் பதிவு செய்து ஒப்படைத்தல், சாவிகளுக்குக் கணக்கு வைத்தல், மூடிய அறைக்குள் தனியாக வேலை செய்கையில் நேரும் பாலியல் சீண்டலை எதிர்கொள்ளுதல், திருட்டுப் பழி சுமத்தப்பட்டால் தற்காத்துக்கொள்ளுதல் என எத்தனையோ உள்ளன. இத்தனையும் அறிந்து செய்யும் வேலையைத் 'திறனற்ற வேலை' என்று அழைப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். காலங்காலமாக அதை வீட்டில் பெண்கள் கூலியின்றிச் செய்தார்கள். ஊரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கட்டாயத்தின்பேரில் செய்தார்கள். கூலி தராமல் வாங்கிப் பழகிய உழைப்பில் அறிவு இருப்பதாக ஒப்புக்கொள்ள ஆளும் வர்க்கத்துக்கு மனம் வருவதில்லை.

கூலிப் பட்டியலின் சாட்சியம்

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி விகிதத்தைப் பார்த்தால் இது விளங்கும். 'ஏ' பிரிவு நகரங்களில் கூட்டுதல், சுத்தம் செய்தல் உள்ளிட்ட திறன்சாராப் பணிகளுக்கு நாளொன்றுக்கு 783 ரூபாய். மாதம் 20,358 ரூபாய். திறன்சார் பணிகளுக்கு நாளொன்றுக்கு 954 ரூபாய். மாதம் 24,804 ரூபாய். ஆயுதமின்றிக் காவல் காக்கும் பணி இரண்டாவது பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது. காவலாளிக்குக் கிடைப்பது அவருக்கு உரியதே, அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் வாசலில் காவல் காப்பது திறன் என்றால், அதே கட்டடத்துக்குள் அமிலத்தையும் மருத்துவக் கழிவையும் கையாள்வது எப்படித் திறனற்றதாகும்? இந்தப் பிரிவினையால் சுத்தம் செய்யும் தொழிலாளி மாதம் 4,446 ரூபாயை இழக்கிறார். ஓராண்டில் இது 53,000 ரூபாயைத் தாண்டுகிறது. மாநிலக் கூலி விகிதங்கள் பொருந்தும் ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் தொகை மாறலாம்; கீழ்த்தட்டில் நிறுத்தும் மனப்பான்மை மாறுவதில்லை.

இதே ஒன்றிய அரசின் மற்றொரு கை, 2015 ஜூலை 15 அன்று பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் துறைக்கான திறன் குழுவும், வீட்டுப் பணியாளர்களுக்கான திறன் குழுவும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குத் தனித்தனித் தகுதித் தரங்களை வகுத்துள்ளன. பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் உள்ளன. தேர்ச்சி பெற்ற பெண்ணின் கையில் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தின் முத்திரையிட்ட தாள் இருக்கும். அவர் அந்தத் தாளோடு வேலைக்குச் சேர்ந்தாலும், கூலிப் பட்டியல் அவரைத் திறனற்றவர் வரிசையிலேயே நிறுத்தும். சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் சட்டத்தில் எந்தப் பாலமும் இல்லை.

இதனால் ஆதாயம் அடைவோர் யார் என்பது வெளிப்படை. பயிற்சி மையம் நடத்துபவருக்கு ஒவ்வொரு தலைக்கும் அரசுப் பணம் வருகிறது. ஒப்பந்ததாரருக்குப் பயிற்சி பெற்ற ஆள் செலவின்றிக் கிடைக்கிறார். 'பயிற்சி பெற்ற ஊழியர்கள்' என்று சொல்லி டெண்டரில் தன் விலையையும் அவரால் உயர்த்த முடிகிறது. மக்கள் வரிப்பணத்தில் உருவான திறனின் பலன் முழுவதும் முதலாளிக்கும் இடைத்தரகருக்கும் போகிறது. உழைப்புச் சக்தியின் தரம் உயர்கிறது. அதற்குத் தரப்படும் விலை அசையாமல் நிற்கிறது.

பக்தியின் பெயரால், ஒப்பந்தத்தின் பெயரால்

2021 நவம்பர் இறுதியில் திருப்பதியில் தேவஸ்தான நிர்வாகக் கட்டடத்தின் எதிரே ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். அறைகளையும் விடுதிகளையும் பராமரிக்கும் இந்தப் பிரிவில் ஏறத்தாழ 5,000 பேர் வேலை செய்துவந்தனர். தேவஸ்தானம் அமைத்த ஸ்ரீ லட்சுமி சீனிவாச மனிதவளக் கழகத்தில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. நிரந்தரப் பணிகூட அல்ல, இடைத்தரகர் இல்லாத பணி மட்டுமே கேட்கப்பட்டது. சிஐடியு துணைநின்ற அந்தப் போராட்டம் டிசம்பரிலும் நீடித்தது. காவல்துறையைக் கொண்டு கலைக்கப்பட்டது.

2023-இல் திருமலையின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் 'சுந்தர திருமலை – சுத்த திருமலை' என்ற பெயரில் ஊழியர்களும் தொண்டர்களும் பிரமுகர்களும் துடைப்பம் ஏந்தினர். பிரமுகர் ஒரு நாள் கூட்டினால் அது சேவை, புகைப்படம் வெளியாகிறது. தொழிலாளி ஆண்டு முழுதும் கூட்டினால் அது கடைநிலைக் கூலி வேலை. பக்தர்களின் தொண்டுணர்வு மதிக்கத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆயினும் உரிமை கேட்கும் தொழிலாளியின் இடத்தை நிரப்ப அந்தத் தொண்டுணர்வு பயன்படுமானால், அது உழைப்பின் விலையைக் குறைக்கும் கருவியாகிவிடும். 2023 டிசம்பர் 26 அன்று ஆந்திரம் முழுவதும் நகராட்சித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, குப்பை மலைபோல் குவிந்த தெருக்களே இந்த உழைப்பின் சமூகத் தேவையை எல்லோருக்கும் எடுத்துக்காட்டின.

ஒப்பந்த முறைக்குச் சட்டப் பாதுகாப்பு அளிப்பதில் ஆந்திரம் ஒரு சோதனைக்களமாகவே இருந்துள்ளது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கு 2003-இல் அன்றைய ஆந்திர அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நிறுவனத்தின் 'மையப் பணி'களில் ஒப்பந்த முறை கூடாது என்று கூறிவிட்டு, துப்புரவு உள்ளிட்ட பணிகளை மையப் பணி அல்ல என்று அது ஒதுக்கியது. அதே வார்ப்பில்தான், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் எழுதப்பட்டுள்ளது. அதன் பட்டியலில் துப்புரவோடு 'ஹவுஸ்கீப்பிங், சலவைப் பணிகள்' என்றே வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு பொருந்துவதற்கான எண்ணிக்கையும் 20-இலிருந்து 50-ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. 49 பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

எனினும் அந்தச் சட்டவாசகத்திலேயே போராடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. 'அந்தப் பணிக்காகவே அமைக்கப்படாத நிறுவனம்' என்றால்தான் இந்த விலக்கு செல்லுபடியாகும். ஒரு துணி ஆலைக்குச் சுத்தம் செய்வது துணைப்பணியாக இருக்கலாம். ஒரு லாட்ஜுக்கு, அறையைத் தவிர விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது? தூய்மையான அறைதான் அங்கே சரக்கு. அதை உற்பத்தி செய்பவர் ஹவுஸ்கீப்பிங் தொழிலாளி. நிறுவனங்களின் துணைச் சேவையாக நடக்கும் விருந்தினர் விடுதிகளுக்கும் விலக்கு உண்டு என்ற மற்றொரு பிரிவை நிர்வாகங்கள் கேடயமாக்க முயலும் என்பதில் ஐயமில்லை. நீதிமன்றத்திலும் தெருவிலும் ஒருசேர நடத்த வேண்டிய வாதம் இது.

குவைத்துக்குச் செல்லும் பெண்கள்

ராயலசீமைப் பெண்களுக்கு ஹவுஸ்கீப்பிங் என்பது உள்ளூர் வேலை மட்டுமல்ல. சித்தூர், கடப்பா பகுதிகளிலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குச் செல்வோர் பலர். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 30 வயதுக்குக் குறைந்த பெண்களை அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகவே ஆள் எடுக்க வேண்டும் என்ற விதிகள் உள்ளன. ஆந்திர அரசுக்கு அதற்கென ஒரு நிறுவனமும் உண்டு. விதிகளைச் சுற்றிக்கொண்டு செல்லும் ஏஜெண்டுகளின் வலை அதைவிடப் பெரிது. 2018 முதல் ஒன்றிய அரசு புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சி அளிக்கிறது. இயந்திரங்களும் மொழியும் பழக்கமும் எல்லாமே புதிதான ஒரு வீட்டுக்குள் தனியாக அடைபடப்போகும் பெண்ணுக்கு ஒரு நாள் போதுமா?

குவைத்தின் 2015-ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. வார விடுமுறையும் ஆண்டுக்கு 30 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உண்டு. தொழிலாளியின் சம்மதமின்றிப் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்றும் கூறுகிறது. வாக்குவம் கிளீனர் இயக்கக் கற்பதைவிட முதலில் கற்க வேண்டிய பாடம் இது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011 ஜூனில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. சொந்த நாட்டில் வீட்டுத் தொழிலாளருக்கு முழுமையான சட்டம் இயற்றாத அரசு, குவைத் அரசிடம் எந்த முகத்தோடு உரிமை கேட்கும்?

பயிற்சி யார் கையில்?

பயிற்சி, சான்றிதழ் என்பதெல்லாம் முதலாளிகளின் திட்டம். தொழிற்சங்கம் அதில் தலையிடத் தேவையில்லை என்ற கருத்து இயக்கத்துக்குள்ளும் அவ்வப்போது எழுகிறது. அதில் ஒரு நியாயமான அச்சம் உண்டு. சான்றிதழ் கட்டாயம் என்று வந்தால், 20 ஆண்டுகளாக வேலை செய்யும் எழுத்தறிவற்ற பெண், நேற்றுப் படித்து வந்தவரிடம் இடத்தை இழக்கலாம். இயந்திரம் வந்தால் இயந்திரம் ஆணின் கைக்கும், வாளி பெண்ணின் கைக்கும் போகலாம். இந்த ஆபத்துகள் கற்பனையல்ல. ஆனால் சங்கம் விலகி நின்றால் அவை நேராமல் போய்விடாது. எதிர்ப்பின்றி நேரும் என்பதுதான் வேறுபாடு.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஓட்டல் தொழிலாளர் சங்கமும் நிர்வாகங்களும் கூட்டாக 1993-இல் ஒரு பயிற்சிக்கழகத்தை நிறுவின. கூட்டுபேர ஒப்பந்தத்தின் வழியே நிர்வாகங்கள் அதற்குப் பணம் செலுத்துகின்றன. அறை சுத்தம் செய்யும் பெண் அங்கே கற்று உயர்பணிக்குச் செல்ல முடிகிறது. சிங்கப்பூரில் 2014 முதல் துப்புரவு நிறுவனங்களின் உரிமமே பயிற்சிக்கேற்ற படிநிலைக் கூலியோடு பிணைக்கப்பட்டது. அங்குள்ள புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது என்பது அதன் பெருங்குறை. பாரிஸ் நகரின் ஐபிஸ் பத்தின்யோல் ஓட்டலில், துணை ஒப்பந்தத்தில் வேலை செய்த சுமார் இருபது தொழிலாளர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள், 2019 ஜூலையில் தொடங்கி 22 மாதங்கள் போராடி வேலைச்சுமையைக் குறைத்தனர். அவர்களில் ஒருவரான ராஷெல் கேகே 2022-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். அருகிலுள்ள கேரளத்தில், 2017-இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அதன் நிலையங்களின் பராமரிப்பு குடும்பஸ்ரீ பெண்களிடம் தரப்பட்டது. தனியார் ஒப்பந்ததாரரின் இடத்தில் பெண்களின் கூட்டமைப்பே நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

இந்த அனுபவங்களிலிருந்து சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கான கோரிக்கைகளை வகுக்கலாம். ஹவுஸ்கீப்பிங் வேலையைக் கூலிப் பட்டியலில் திறன்சார் பணியாக மறுவகைப்படுத்த வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்போருக்குத் தேர்வின்றி, பணியாண்டுகளின் அடிப்படையிலேயே திறன் அங்கீகாரம் வழங்க வேண்டும். பயிற்சி வேலை நேரத்துக்குள், முழுக் கூலியோடு நடக்க வேண்டும். தெலுங்கோடு, நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்காகத் தமிழிலும், எழுத்தறியாதவர்களுக்காகப் படங்களோடு செய்முறையிலும் அது அமைய வேண்டும். வேதிப்பொருள், தடுப்பூசி, பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், குறைந்தபட்சக் கூலி ஆகியவை பாடத்திட்டத்தில் கட்டாயமாக இடம்பெற வேண்டும். ஒரு பணிநேரத்துக்கு இத்தனை அறைகள்தான் என்ற உச்சவரம்பு வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளி மாறக் கூடாது. இறுதி இலக்கு நேரடிப் பணியமர்த்தலே.

இவற்றில் பலவற்றுக்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்கக் கூடாது என்பதை ஒரு கிளைக் கூட்டத்தில் கற்பிக்கலாம். கூலிச் சீட்டை எப்படிப் படிப்பது, வருங்கால வைப்பு நிதி கட்டப்பட்டுள்ளதா என்று எப்படிப் பார்ப்பது என்பதை இன்னொரு கூட்டத்தில் கற்பிக்கலாம். தன் வேலையின் நுட்பத்தைத் தானே எடுத்துரைக்கக் கற்ற தொழிலாளி, அதற்குரிய விலையைக் கேட்பதற்குத் தயங்கமாட்டார். லாட்ஜுகளின் பின்வாசல்களிலும் மருத்துவமனைகளின் தாழ்வாரங்களிலும் சிதறிக் கிடக்கும் இந்தத் தொழிலாளர்களைச் சங்கத்தில் அணிதிரட்டும் பணிக்குத் தொழிற்பயிற்சியே நல்ல நுழைவாயிலாக அமையும். அந்த வாயிலை ஒப்பந்ததாரர்கள் கைப்பற்றுமுன் தொழிலாளர் இயக்கம் கைப்பற்றியாக வேண்டும்.